ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாகும் பற்றறி

இரத்தினசிங்கம் ஒரு அறையை விட்டு வெளியேறினால் அந்த அறை இருண்டுவிடும். அவர் அப்படியொரு பேரழகர் என்பதால் அல்ல. கதவைத் தாண்டுமுன் அவருடைய வலது கை தானாகவே சுவரைத் தடவிச் சுவிச்சைத் தேடிப் போய்விடும். உள்ளே யாராவது இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது அவர்களுடைய கெட்ட காலம். இருட்டிலிருந்து ஒரு குரல் எழும்பும். "ஓ, சொறி" என்று மன்னிப்புக் கேட்டு லைற்றைத் திரும்பப் போட்டுவிட்டுப் போவார்.

இலங்கையில், மலைநாட்டு நீர்மின் நிலையமொன்றில் பொறியியலாளராக இருந்தபோது பிடித்த பழக்கம் அது. மழை பொய்த்த வருடங்களில் அணையில் தண்ணீர் இறங்க இறங்க அவருடைய முகமும் கூடவே இறங்கும். வீட்டில் வீணாக எரிகிற ஒவ்வொரு பல்பும் அந்த அணையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றுகிறது என்பது அவர் நம்பிக்கை. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றில் சிட்னிக்கு வந்து நிலக்கரியில் ஓடும் மின் நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வாளித் தண்ணீர் போய்க் கூடை நிலக்கரி வந்ததே தவிர, வீட்டுச் சட்டம் மாறவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எல்லாச் சுவிச்சும் ஓவ், ஒன்றும் எரியக் கூடாது.

அவருடைய மனைவி யோகா கலியாணமாகி வந்த புதிதில் லைற்றை எரியவிட்டு மறந்துபோகிற பெண்ணாகத்தான் இருந்தாள். இரத்தினசிங்கம் அதற்காக ஒருநாளும் ஏசியதில்லை. அவருக்கு ஏசத் தெரியாது. விளக்குவார். ஏச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும், அவருடைய விளக்கம் அப்படியல்ல. அணைக்கட்டு, குழாய், சுழலி என்று தொடங்கிக் கடைசியில் குளியலறைப் பல்பில் வந்து நிற்பதற்குள் யோகாவுக்குச் சோறு ஆறிவிடும். அந்த விளக்கங்களுக்குப் பயந்தே அவள் சுவிச்சுகளை அணைக்கப் பழகினாள். பழகிப் பழகிக் குருவையே மிஞ்சிவிட்டாள். வென்ட்வேர்த்வில்லில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அவர்கள் ஒரு விருந்துக்குப் புறப்படுவதென்றால், இரத்தினசிங்கம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடிக்குமுன் வீடு முழுக்க இருண்டுபோயிருக்கும். அவர் இருட்டில் தடவித் தடவி முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளுக்குள் பெருமைப்படுவார்.

மகள் விமலா கன்பராவுக்குப் படிக்கப் போனபிறகு அந்த வீட்டில் பேச்சும் குறைந்துபோயிற்று. யோகா பரமட்டாவில் ஒரு துணிக்கடையில் தையல் திருத்தும் வேலைக்குப் போனாள். அவர் மின் நிலையத்துக்குப் போனார். பின்னேரம் இருவரும் வந்து சேர்ந்தால் "சாப்பிடுவமோ?" "ஓம்" என்பதோடு அன்றைய சம்பாஷணை முடிந்துவிடும். சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு பேருமே வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற சாதி, அவ்வளவுதான்.

அப்படியிருக்கத்தான் எழுபத்தைந்தில் அவர் ஒரு படகை வாங்கினார். சிட்னிக்கு வடக்கே ஹோக்ஸ்பரி ஆற்றங்கரையில் புரூக்லின் என்ற சிற்றூர். அங்கே சிப்பி வளர்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் தொழிலை விட்டபோது விற்ற படகு அது. சிறிய டீசல் என்ஜின், நாலு படி இறங்கிப் போனால் ஒரு சின்ன அறை. முகப்பில் வெள்ளைப் பெயின்ற்றால் "டோரீன்" என்று கிழவரின் மனைவி பெயர் எழுதியிருந்தது. பெயரை மாற்ற இரத்தினசிங்கத்துக்கு மனம் வரவில்லை. யோகாவுக்கு அது நல்ல வாய்ப்பாகப் போயிற்று.

"டோரீனிட்டயோ போறியள்?" என்று சனிக்கிழமை காலைகளில் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்பாள். "நான் சுகம் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ."

தான் ஏறமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நினைத்தாளோ, புளிச்சாதமும் பொரித்த கத்தரிக்காயும் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். ரயில் பாலத்துக்குக் கீழால் போய், இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நிற்கிற வளைவில் படகு திரும்பியபோது, இரத்தினசிங்கத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. என்ஜினில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, யோகா பாடிக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். என்ஜின் 'டுக்கு டுக்கு' என்று காதை அடைக்கிறது, தன் குரல் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாடுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. முன்னே ஆற்றைப் பார்த்தபடி, விசையைப் பிடித்திருந்த கையால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். ஒரு சரணம் முடிந்தபிறகு இன்னும் கொஞ்சம். படகு நத்தை மாதிரி ஊர்ந்தது. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தன் மனைவிக்கு இப்படியொரு குரல் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வளைவுதான்.

அந்த வருடம் முடியும்வரை டோரீன் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நன்றாக வேலை செய்கிற ஒன்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பொறியியலாளரால் முடியும்? பற்றறிக்கு மின் ஏற்ற அதில் பழைய காலத்து டைனமோ ஒன்று இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புது மாதிரியான ஆல்டர்னேற்றர் ஒன்றை அவரே பூட்டினார். மெதுவாக ஓடும்போதும் நன்றாக மின் ஏற்றும் என்பதுதான் அதன் பெருமை. அவர் எதற்காக மெதுவாக ஓட்டினார் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விசயம்.

அங்கேதான் சனி பிடித்தது.

சனிக்கிழமை தனியே போய் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் திறமாக இருக்கும். அம்மீற்றர் முள் பற்றறிக்கு மின் ஏறுகிறது என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை யோகாவோடு போய், வழக்கமான குடாவில் நங்கூரம் போட்டு, ரேடியோவைக் கேட்டபடி சாப்பிட்டுவிட்டுப் புறப்படப் பார்த்தால், பற்றறி நோயாளிபோல் முனகும். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மீற்றர் முள் செத்துக் கிடக்கும்.

இரத்தினசிங்கம் விடுவாரா? பெல்ற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. பற்றறியின் முனைகளைச் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் போட்டு வெள்ளிபோலத் துலக்கினார். கம்பிகளை நுனியிலிருந்து நுனிவரை மாற்றினார். பற்றறியையே மாற்றினார். கடைசியில் ஆல்டர்னேற்றரைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தபோது பழுது பிடிபட்டது. உள்ளே இருந்த டயோட்டுகள் கருகியிருந்தன. மின்சாரத்தைப் பற்றறிப் பக்கம் போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கிற காவற்காரர்கள் அவை. காவற்காரர்கள் செத்துப்போனால் பற்றறியிலுள்ள மின்சாரம் வந்த வழியே ஒழுகிவிடும். சரி என்று புதிய டயோட்டுகளைப் போட்டார். சனிக்கிழமை திறமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கருகியது. மறுபடி போட்டார். மறுபடி கருகியது.

சிட்னி நகரத்துக்கே வெளிச்சம் கொடுக்கிற நிலையத்தில் வேலை செய்கிற மனுசனுக்கு ஒரு பன்னிரண்டு வோல்ற் பற்றறி தண்ணி காட்டியது. வேலைத்தலத்தில் இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

புரூக்லினில் படகு திருத்தும் கொட்டகை வைத்திருந்த மெர்விடம் மட்டும் சொன்னார். மெர்வ் கோடையோ குளிரோ அரைக்காற்சட்டையோடு திரிகிற பெரிய வயிற்றுக்காரன். இரத்தினசிங்கம் என்ற பெயரை முதல் நாளே உடைத்து "ரட்டி" ஆக்கிவிட்டவன்.

"டயோட் இப்படிக் கருக ஒரே ஒரு காரணம்தான் உண்டு" என்று இரத்தினசிங்கமே அவனுக்குச் சொன்னார். "என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றறித் தொடர்பை அறுத்தால், ஆல்டர்னேற்றரில் உண்டாகிற மின்சாரத்துக்குப் போக இடம் இல்லை. அது டயோட்டைத்தான் அடிக்கும்."

"அப்படியென்றால் யாரோ அறுக்கிறார்கள்" என்றான் மெர்வ்.

"யார்? படகில் நானும் மனைவியும்தான். அவள் என்னைவிடக் கவனமானவள்."

மெர்வ் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான்.

ஆனால் இந்த வழக்கில் முதலில் உண்மையைக் கண்டுபிடித்தவள் யோகாதான். அவளுக்கு வோல்ற்றும் தெரியாது, டயோட்டும் தெரியாது. ஆனால் நாட்கள் தெரியும்.

"நான் ஏறினால்தான் உது நிக்குது" என்றாள் ஒருநாள், வீடு திரும்பும் வழியில், காரில். "சனிக்கிழமை நீங்கள் தனியப் போகேக்க நல்லா ஓடுது. ஞாயிற்றுக்கிழமை நான் காலை வைச்சவுடன செத்துப்போகுது. என்ர ராசி அப்பிடி."

"மெசினுக்கு என்ன ராசி, யோகா? விசர்க்கதை கதையாதை."

யோகாவுக்கு இந்த ராசி விவகாரம் சிறுவயதுக் காயம். அவள் பிறந்த வாரம் அவளுடைய அப்பாவின் லொறி குடைசாய்ந்தது. யாரோ ஒரு மாமி அதையும் இதையும் முடிச்சுப்போட்டுச் சிரிப்பாகச் சொல்லிவைத்தாள். மாமி மறந்துவிட்டாள், யோகா மறக்கவில்லை. சிட்னிக்கு வரும்போது விமானம் சிங்கப்பூரில் பழுதாகி நின்றதற்கும் தானே பொறுப்பு என்று மனதுக்குள் ஏற்றுக்கொண்டவள் அவள்.

மார்ச் மாதக் கடைசியில் அரியரத்தினத்தையும் மனைவியையும் படகுக்கு அழைத்தபோது, யோகாவுக்கு உள்ளூரப் பயம்தான். அரியரத்தினம் இவர்களுடைய ஊர்ப்பக்கத்துக் கணக்காளர். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் செய்தி கேட்காவிட்டால் உலகம் தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்று நினைக்கிறவர். காலையில் எல்லாம் சிறப்பாகவே போயிற்று. ஆட்கள் இருந்ததால் யோகா பாடவில்லை. குடா கண்ணுக்குத் தெரிந்ததும், "இடம் வந்திட்டுதெல்லோ" என்று சொல்லிக்கொண்டு அவள் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்கக் கீழே இறங்கினாள். இரத்தினசிங்கம் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பி, என்ஜினை நிறுத்தி, நங்கூரத்தை இறக்கினார்.

"அண்ணை, ஒருக்காச் செய்தியைப் போடுங்கோ" என்றார் அரியரத்தினம்.

இரத்தினசிங்கம் படியிறங்கிப் போனார். பற்றறியிலிருந்து படகுக்குப் போகும் மின்சாரம் முழுவதையும் திறந்து மூடுகிற பெரிய சிவப்புச் சுவிச் படிக்குப் பக்கத்தில் இருந்தது. அது ஏற்கனவே ஓவ் பண்ணியிருந்தது. யோகா ஒன்றையும் மறக்கமாட்டாள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு அதைத் திருப்பி ஒன் பண்ணி, ரேடியோவைப் போட்டார். செய்தி முடிந்து பாட்டு வந்தது, பாட்டு முடிந்து திரும்பவும் செய்தி வந்தது. பிறகு ரேடியோ மெல்ல மெல்லக் கம்மிப்போய் ஓய்ந்தது. என்ஜினைக் கிளப்பப் பார்த்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். அதுவும் ஒரு தரம்தான்.

சிப்பிக்காரர் ஒருவர் வந்து கயிறு கட்டி இழுத்துப் போகும்வரை அரியரத்தினம் ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். யோகா கரையில் இறங்கி, காலில் பட்ட சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இனி நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

"அடுத்த கிழமை திருத்திப்போடுவன், யோகா."

"திருத்துங்கோ. நான் இல்லாட்டி அது பழுதாகாது. எனக்கென்ன, வீட்டில எனக்கு வேலை கிடக்கு."

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் இரத்தினசிங்கம் தனியே போனார். டோரீன் பந்தயக் குதிரைபோல ஓடியது. ஒரு டயோட்கூடக் கருகவில்லை. அந்த வளைவில் திரும்பும்போது அவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைப்பார். டுக்கு டுக்கு என்ற சத்தம் மட்டும் கேட்கும். படகு இவ்வளவு நன்றாக ஓடியும் மனுசன் இவ்வளவு வாடிப்போய்த் திரும்புவதை மெர்வ் அதுவரை பார்த்ததில்லை. யோகாவின் ராசிக் கணக்குச் சரியென்று படகே சாட்சி சொல்வதுபோல் இருந்தது. அவருக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

மே மாதத்தில் ஒரு வேலைநாள். விடியக் கருக்கலிலேயே இருவரும் புறப்பட வேண்டும். இரத்தினசிங்கம் குளியலறையில் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் கத்தியை வைத்த நேரம், லைற் அணைந்தது.

"யோகா! நான் உள்ளுக்கு நிக்கிறன்!"

"வெளிக்கிடுற நேரமாச்செல்லோ, கெதியா வாங்கோ!" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. குசினியில் ஒரு சுவிச் 'டக்' என்றது. பிறகு நடையில் ஒன்று 'டக்' என்றது.

இருட்டில், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, இரத்தினசிங்கம் அசையாமல் நின்றார். வெளிக்கிடுற நேரமாச்செல்லோ. இடம் வந்திட்டுதெல்லோ. குடா தெரிந்ததும் அவள் படியிறங்கிப் போவாள். கீழேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அது அவருடைய காதில் விழுந்திருக்கிறது, மனதில் விழவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தமாயிற்றே. டீசல் என்ஜினுக்கு ஓடத் தொடங்கியபின் பற்றறி தேவையில்லை. அது பாட்டுக்கு ஓடும். அந்த நேரம் அவருடைய கண் கரையில் இருக்கும், அம்மீற்றரில் இராது. பழைய டைனமோ அதைப் பொறுத்துப்போயிற்று. புதியது பொறுக்கவில்லை.

வேலைக்குப் போகிற ரயிலில் எதிரே இருந்த ஒரு பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கன்னம் வழிக்கப்படாமல் இருந்தது அவருக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

பழுதைக் கண்டுபிடித்தால் சந்தோசம் வரவேண்டும். அவருக்குப் பயம்தான் வந்தது. இதை யோகாவிடம் எப்படிச் சொல்வது? "உன் கைதான்" என்று சொன்னால், பிறந்த வாரத்திலிருந்து சுமந்துவந்த பழியை அவரே முத்திரை குத்திக் கொடுத்ததாகிவிடும். பிறகு அவள் படகில் ஏறுவாளா? ஏறினாலும் பாடுவாளா?

சொல்லாமலே காரியத்தை முடிக்கலாம் என்று சனிக்கிழமை புரூக்லினுக்குப் போனார். சிவப்புச் சுவிச்சின் பின்னால் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டால், சுவிச் பெயருக்கு மட்டும் இருக்கும். அவள் பாட்டுக்கு அணைக்கட்டும், ஒன்றும் ஆகாது. காதும் காதும் வைத்ததுபோல் விசயம் முடிந்துவிடும். திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார். முதல் திருகாணியைத் தளர்த்தினார். அதற்கு மேல் கை போகவில்லை. கம்பி எங்காவது உரசித் தீப்பிடித்தால் அந்தச் சுவிச் ஒன்றுதான் படகைக் காப்பாற்றும். அதை வெறும் பொம்மையாக்கி, அதன்மேல் யோகாவை ஏற்றிக்கொண்டு போவதா? ஆணியைத் திரும்ப முறுக்கினார். பிறகு வீட்டுக்குப் புறப்பட்டார்.

யோகா குசினியில் கதிரையைப் போட்டிருந்து பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். இரத்தினசிங்கம் நேராகப் போய் ஒரு சட்டியை எடுத்துப் பைப்புக்குக் கீழே பிடித்துத் தண்ணீரைத் திறந்தார். விளக்கம் ஒன்று வரப்போகிறது என்று யோகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இஞ்ச பார். இந்தப் பைப் ஆல்டர்னேற்றர். இந்தச் சட்டி பற்றறி. தண்ணி சட்டிக்குள்ள போகுது, ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப சட்டியைச் சடாரெண்டு எடுத்தால்?"

எடுத்தார். தண்ணீர் தொட்டியில் அடித்துத் தெறித்து அவருடைய நெஞ்சையும் வயிற்றையும் நனைத்தது.

"சேட்டு நனையுது" என்றாள் யோகா.

"நனையட்டும். தண்ணிக்குப் போக இடமில்லாட்டி கண்டபக்கமும் அடிக்கும். உள்ளுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் எரிக்கும். டோரீனில சட்டியை எடுக்கிறது அந்தச் சிவப்புச் சுவிச். என்ஜின் ஓடேக்க அதை ஓவ் பண்ணக் கூடாது."

யோகாவின் விரல்கள் பயித்தங்காயில் நின்றுவிட்டன. பைப்பிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் அதை மூட மறந்து நின்றது அவளுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

"அதை ஓவ் பண்ணுறது நான்தானே" என்றாள்.

"ஓம்."

"அப்ப என்ர ராசிதான்."

"இல்லை!" அவருடைய குரல் அவரே எதிர்பாராத அளவு உயர்ந்துவிட்டது. "ராசி இல்லை. கை. அந்தக் கையை அப்பிடிப் பழக்கினது ஆர்? நான். கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஓவ் பண்ணு, ஓவ் பண்ணு எண்டு உன்ர உயிரை எடுத்தது நான். நீ நான் சொன்னதைத்தான் செய்தாய். டோரீனைச் சாகடிச்சது நான்தான், யோகா."

யோகா எழும்பி வந்து பைப்பை மூடினாள். துவாயை எடுத்து அவரிடம் நீட்டினாள். அழுவாளோ என்று அவர் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் வேறு ஏதோ தொடங்கியிருந்தது.

"அப்ப, நீங்கள் சொன்னதைக் கேட்டதாலதான் பழுதாப்போச்சு?"

"ஓம்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"நான் சொன்னதைக் கேட்டதாலதான் பழுதாப்போச்சு."

யோகா சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை, கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயித்தங்காயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு ஒரு குரலில் கேட்டாள்.

"முந்தி, மலைநாட்டில உங்கட குவார்ட்டர்ஸில, குசினிக்குள்ள நிண்டு நான் பாடுறனான். ஞாபகம் இருக்கோ?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஹோலில றேடியோவைப் போட்டிட்டு, நான் குசினியில நிண்டு கூடப் பாடுவன். நீங்கள் ஹோலால போகேக்க அதை ஓவ் பண்ணிப்போட்டுப் போவியள். ஆள் இல்லாத அறையில றேடியோ என்னத்துக்கெண்டு. ரெண்டு மூண்டு தரம் திரும்பப் போட்டன். பிறகு விட்டிட்டன்."

அவளுடைய குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. துவாயைக் கையில் பிடித்தபடி நின்றார். அணையில் வாளி வாளியாகத் தண்ணீரை மிச்சம் பிடித்த மனுசன், அத்தனை வருடமும் எதை வீணாக்கினார் என்று இப்போது தெரிந்தது.

"டோரீனில பாடினது எனக்குக் கேட்டது" என்றார் கடைசியில்.

"தெரியும். நீங்கள் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்கேக்கயே தெரியும்" என்றாள் யோகா. "போய்ச் சேட்டை மாத்துங்கோ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டோரீன் இருவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. வளைவில் இரத்தினசிங்கம் வேகத்தைக் குறைத்தார், இந்தமுறை ஒளிக்காமலே குறைத்தார். யோகா, ஆற்றுக்குக் கேட்கிறமாதிரி வாய்திறந்து பாடினாள். குடா வந்தபோது படியிறங்கிப் போய்ச் சிவப்புச் சுவிச்சுக்கு முன்னால் நின்றுகொண்டு, மேலே பார்த்துக் கேட்டாள்.

"நிப்பாட்டியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"இப்ப?"

"பொறு."

என்ஜின் இருமி ஓய்ந்தது.

"இப்ப ஓவ் பண்ணு."

'டக்' என்றது. சாப்பாடு முடிந்து புறப்படும்போது என்ஜின் முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் அம்மீற்றர் முள், பற்றறிக்கு மின் ஏறும் பக்கமாகச் சாய்ந்து நின்றது. படகு கட்டும் ஜெற்றியில் கயிறு பிடிக்க வந்த மெர்விடம் இரத்தினசிங்கம் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். யார் அறுத்தது என்று மெர்வ் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம், வேலை முடிந்து ரயிலால் இறங்கித் தன் தெருவுக்குள் திரும்பிய இரத்தினசிங்கம் திடுக்கிட்டு நின்றார். அவருடைய வீடு கலியாண வீடுபோல எரிந்துகொண்டிருந்தது. ஹோல், படுக்கையறை, மகளின் பூட்டிய அறை, குளியலறை, எல்லாவற்றிலும் லைற். என்னவோ ஏதோவென்று ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தார். ஹோலில் ஒருவரும் இல்லை. மேசையில் கசெற் ரெக்கோடர் தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தது. குசினிக்குள் யோகா, அதோடு சேர்ந்து, தேங்காய் துருவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள்.

ஹோலைக் கடக்கும்போது அவருடைய வலது கை தன் பழக்கத்தில் ரெக்கோடரை நோக்கி எழும்பியது. அதைப் பிடித்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வாசலுக்கு வந்தார். வாசல் லைற் ஒன்றைத்தான் அவள் மறந்திருந்தாள். அதைப் போட்டுவிட்டு, பாட்டு இருந்த பக்கம் போனார்.